அழைப்பிதழில் அவர் பெயருக்கு முன்னால்

மதிப்புக்குரிய உளவளத்துணையாளர் அம்மாவுக்கு,

போர் முடிந்த 2009 மே 18 அன்று முல்லைத்தீவு வட்டுவாகலில் வைத்து, "விசாரிச்சிட்டு விடுவம்" என்று சொல்லி இராணுவத்தினர் என் கணவரை பஸ்ஸில் ஏற்றினார்கள். அவர் இன்னும் திரும்பவில்லை. அப்போது மகளுக்கு ஏழு வயது. வருகிற ஆவணியில் அவளுக்குக் கலியாணம்.

அழைப்பிதழில் "காலஞ்சென்ற" என்று போடச் சொல்கிறார் அண்ணா. அந்தச் சொல்லைக் கேட்டாலே மாமி, அவருடைய தாய், சாப்பிடாமல் படுத்துவிடுகிறா. நான் பொட்டு வைப்பதற்கும் ஊரில் கதை. காணி அவர் பெயரில் இருக்கிறது, அதை மகளுக்கு எழுத வேண்டும். மரணச் சான்றிதழ் எடுத்தால் எல்லாம் சுகம் என்கிறார்கள். எடுத்தால் என் கையாலேயே அவரைக் கொன்றது போலாகாதா?

இதுவரை ஐந்து தரம் சாட்சியம் சொல்லிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் அதற்குப் பிறகு ஒரு கிழமை நித்திரை இல்லை. இரவில் படலைச் சத்தம் கேட்டால் இன்றைக்கும் எழும்பி ஓடுகிறேன்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கிளிநொச்சி மாவட்டம்

---

அன்புச் சகோதரிக்கு,

அச்சகம் காத்திருக்கும், அதனால் முதலில் அழைப்பிதழை முடிப்போம். "காலஞ்சென்ற" வேண்டாம். "திரு. திருமதி" என்று உங்கள் இருவர் பெயரையும் போட்டு, "தம்பதியினரின் புதல்வி" என்று எழுதுங்கள். மகளின் தகப்பன் யார் என்பதை அழைப்பிதழ் சொன்னால் போதும். அவர் எங்கே என்ற கேள்விக்கு அது பதில் சொல்லத் தேவையில்லை. வரியை உங்கள் கையால் எழுதிக் கொடுங்கள், அச்சடிக்க முன் ஒரு தரம் வாங்கிப் பாருங்கள். வாய்ப்பேச்சில் விட்டால் யாராவது "திருத்தி" விடுவார்கள்.

மண்டபத்திலும் ஒரு இடம் இருக்கிறது. படம் எடுப்பவர், "பெண்ணின்ர அப்பா வாங்கோ" என்று கூப்பிடுவார். அந்த ஒரு குரலில் நீங்களும் மகளும் உடைந்துபோவீர்கள். இரண்டு கிழமைக்கு முன்னரே அவரிடமும் ஐயரிடமும் நிலைமையைச் சொல்லி வையுங்கள். தாரை வார்க்க தாய்மாமனான அண்ணாவும் அவர் மனைவியும் நிற்கலாம். அந்தப் பொறுப்பை அண்ணாவிடம் நீங்களே கேட்டுக் கொடுத்தால், சபையைப் பற்றிய அவருடைய பயமும் குறையும்.

இப்போது உங்கள் மனதுக்கு வருகிறேன். வியட்நாம் போரில் காணாமல்போன படைவீரர்களின் குடும்பங்களோடு 1970களில் வேலை செய்த போலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், இதற்கு "தெளிவற்ற இழப்பு" என்று பெயர் வைத்தார். உடல் இல்லை, எட்டாம் நாள் சடங்கு இல்லை, அந்தியேட்டிக் கிரியை இல்லை. துக்கம் தொடங்கவும் முடியாது, முடியவும் முடியாது. இது உங்கள் பலவீனத்தால் வந்ததல்ல, உங்களுக்குச் செய்யப்பட்டதால் வந்தது. "காணாமல்போன" என்பதை விட்டு "காணாமல் ஆக்கப்பட்ட" என்று, பிள்ளைகளைத் தேடிப் போராடும் நம் தாய்மார் அடம்பிடிப்பதில் அவ்வளவு நியாயம் இருக்கிறது.

இப்படியான வீடுகளில் ஒரே கேள்வியின் இரண்டு பாதிகளை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொள்வார்கள். அண்ணா "போயிட்டார்" என்ற பாதியை, மாமி "வருவார்" என்ற பாதியை. நீங்கள் நடுவில் இரண்டையும் சுமக்கிறீர்கள். ஒரு மாலை எல்லோரும் இருங்கள். ஆளுக்குப் பத்து நிமிடம், மற்றவர் மறுத்துப் பேசக்கூடாது. முதலில் மகள் பேசட்டும், அவளிடம்தான் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. முடிவு எடுக்க வேண்டாம். "அவர் வரலாம், வராமலும் போகலாம்" என்ற இரண்டையும் ஒரே வீட்டில் சொல்ல இடம் கிடைத்தாலே இறுக்கம் தளரும்.

சான்றிதழ் விஷயத்தில் உங்களுக்கு இன்னொரு வழி உண்டு. 2016இல் மரணப் பதிவுச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, மரணச் சான்றிதழுக்குப் பதிலாக "காணப்படாமைச் சான்றிதழ்" எடுக்கலாம். அவர் இறந்தார் என்று அதில் எங்கும் வராது, தேடும் உரிமையையும் அது பறிக்காது. இராணுவ ஆட்சியில் பிள்ளைகளைப் பறிகொடுத்து, 1977 முதல் வெள்ளைத் தலைத்துண்டோடு தலைநகரின் சதுக்கத்தைச் சுற்றி வந்த தாய்மாரின் அர்ஜென்டினாவிலும், 1994இல் இதே மாதிரி ஒரு சட்டம் வந்தது. உங்கள் கேள்வி அங்கும் கேட்கப்பட்ட கேள்விதான்.

பழைய முறைப்பாடுகளின் பிரதிகள், அவருடைய பிறப்புப் பதிவு, உங்கள் விவாகப் பதிவு, சத்தியக்கடதாசி ஆகியவற்றோடு பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவுக்குப் போங்கள். இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று: அந்தச் சான்றிதழால் உதவிகள் பெறலாம், சொத்தைத் தற்காலிகமாகப் பராமரிக்கலாம். காணியை மகள் பெயருக்கு உறுதி எழுத அது போதாது. அதனால் சீதனப் பேச்சில் அந்தக் காணியைச் சேர்க்க முன் சட்ட உதவி ஆணைக்குழுவில் கேளுங்கள். பிறகு சொல் மாறினால் சம்பந்தி வீட்டில் மகள்தான் கேட்க வேண்டிவரும்.

இனி யாரும் சாட்சியம் கேட்டால் புதிதாகத் தொடங்காதீர்கள். திகதி, இடம், உடுப்பு, கூட இருந்தவர்கள் என்று இரண்டு பக்கத்தில் ஒரு தரம் எழுதி, ஐந்து பிரதி எடுத்து வையுங்கள். அவருடைய படத்தின் மூலப் பிரதியை யாரிடமும் கொடுக்காதீர்கள், கொடுத்தவை பல திரும்பவில்லை. துணைக்கு ஒருவரோடு, சாப்பிட்டுவிட்டுப் போங்கள். அடுத்த நாள் வேலை வைக்காதீர்கள்.

படலைச் சத்தத்துக்கு உடனே ஓடினால், ஆபத்து உண்மைதான் என்று மூளை ஒவ்வொரு தடவையும் படித்துக்கொள்ளும். கட்டிலில் இருந்து இரண்டு பாதத்தையும் நிலத்தில் ஊன்றுங்கள். நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள், பத்துத் தரம். பிறகு டோர்ச்சோடு ஒரே ஒரு தரம் போய்ப் பாருங்கள். மே மாதத்திலும் கலியாணக் கிழமையிலும் இந்தப் பதற்றம் கூடுதலாக இருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். இரண்டு மூன்று கிழமைக்கு மேல் நித்திரை வராவிட்டால் மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். உயிரை விடலாம் என்று ஒரு நினைவு வந்தாலும் உடனே தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கமான 1926க்கு எடுங்கள்.

பொட்டை நீங்கள் வைக்க விரும்பும்வரை வையுங்கள்.

கலியாணத்தன்று விடிய, சாமியறையில் அவருடைய படத்தை வையுங்கள். மாலை வேண்டாம், விளக்கு மட்டும் போதும். எந்தப் படம் என்று மாமி தெரிவு செய்யட்டும். மண்டபத்துக்குப் புறப்பட முன் மகள் அந்தப் படத்தின் முன்னால் மாமியின் காலில் விழுந்து ஆசி வாங்கட்டும்.