மூன்று மார்டினெஸ்

கேள்வி: அர்ஜென்டினா கால்பந்து அணியில் மூன்று மார்டினெஸ் இருந்தார்களே, அண்ணன் தம்பிகளா? (வாசகர், மேலூர்)

பதில்: இல்லைங்க. 2022 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தைச் செல்லூர் டீக்கடை டிவியில் பார்த்தபோது பக்கத்தில் இருந்தவரும் இதையேதான் கேட்டார். எமிலியானோ, லாவுடாரோ, லிசாண்ட்ரோ மூவரும் வேறு வேறு ஊர், வேறு வேறு குடும்பம். மார்டினெஸ் என்றால் ஸ்பானிய மொழியில் 'மார்டினின் மகன்'. நம் இனிஷியல் மாதிரிதான். ஆனால் நமக்கு அது தலைமுறைதோறும் மாறும். அவர்களுக்கு என்றோ ஒரு மூதாதையின் பெயரோடு அப்படியே நின்றுவிட்டது. அதனால்தான் உறவே இல்லாத லட்சக்கணக்கான மார்டினெஸ்கள். அப்புறம், கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடத்தில் பிரான்ஸ் வீரர் கோலோ முவானி அடித்த பந்தை கோல்கீப்பர் எமிலியானோ இடது காலால் தடுத்தாரே, அப்போது கடையில் ஒருவரும் டீயைத் தொடவில்லை!