"நாங்களே விசாரிக்கிறோம்"னு ஸ்கூல்ல சொன்னா விட்டுடலாமா?

கேள்வி: அக்கா, என் பொண்ணு நாலாங்கிளாஸ். ஒரு மாசமா புதன்கிழமை ஆனா வயித்துவலி, ஸ்கூலுக்குப் போக மாட்டேன்னு அழுகை. புதன்கிழமைதான் பிடி பீரியட்னு எனக்கு லேட்டாத்தான் உறைச்சுது. தலை பின்னிவிடும்போது மெதுவா கேட்டேன், பிடி சார் தொடக்கூடாத இடத்துல தொட்டாராம், வீட்ல சொன்னா டீம்ல இருந்து தூக்கிடுவேன்னாராம். ஹெச்எம்கிட்ட போனா, "நாங்களே விசாரிக்கிறோம், பத்து நாள் குடுங்க, வெளிய போனா உங்க பொண்ணு பேர்தான் கெடும்"ங்கிறாங்க. வீட்டுக்காரர் வேற ஸ்கூல்ல சேத்துடலாம்ங்கிறார். என்ன பண்றது? (பேர் போட வேண்டாம்)

பதில்: தலை பின்னிக்கிட்டே கேட்டீங்க பாருங்க, அதனாலதான் அவ வாயத் திறந்திருக்கா, எதிர்ல உக்கார வெச்சு முகத்தப் பாத்துக் கேட்டிருந்தா பாதி புள்ளைங்க சொல்லாதுங்க.

பத்து நாள் குடுக்காதீங்கம்மா, ஒரு நாள்கூட வேண்டாம். இத விசாரிக்கிறது ஹெச்எம் வேலையே இல்ல. குழந்தைகளைப் பாலியல் குற்றங்கள்ல இருந்து காப்பாத்துற 2012 போக்சோ சட்டம் 19-ஆம் பிரிவுப்படி விஷயம் தெரிஞ்ச யாரா இருந்தாலும் போலீஸ்ல சொல்லியாகணும், தனக்குக் கீழ வேலை பாக்குறவர் செஞ்சத நிர்வாகத்துல இருக்கறவங்க மறைச்சா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், அபராதம் தனி. ஸ்கூல் விசாரணைன்னா என்ன நடக்கும்னு நான் சொல்றேன், புள்ளையையும் அந்த சாரையும் ஒரே ரூம்ல நிக்க வெச்சு, சுத்தி நாலு டீச்சர் நின்னுக்கிட்டு "சார் என்ன பண்ணார், சொல்லு"ம்பாங்க, அது தலையைக் குனிஞ்சுக்கும், "பாத்தீங்களா, ஒண்ணுமில்ல"ன்னு ஃபைலை மூடிடுவாங்க.

குழந்தைகள் உதவி நம்பர் 1098-க்குப் போன் பண்ணுங்க, ராத்திரியும் எடுப்பாங்க. இல்ல நேரா மகளிர் காவல் நிலையம். புள்ளையை ஸ்டேஷன்ல உக்கார வெக்கணுமேன்னு பயப்படாதீங்க, வீட்டுக்கே வந்து, யூனிஃபார்ம் இல்லாம, முடிஞ்சவரை எஸ்ஐ ரேங்குக்குக் குறையாத பெண் அதிகாரிதான் வாக்குமூலம் வாங்கணும்னு சட்டத்துலயே இருக்கு. மெடிக்கல் செக்கப்னா லேடி டாக்டர், பக்கத்துல நீங்க இருக்கலாம். 24 மணி நேரத்துக்குள்ள குழந்தைகள் நலக் குழுவுக்கும் போலீஸ் தகவல் சொல்லணும். "பேர் கெடும்"ங்கிறாங்களே, புள்ளை பேரு, படிக்கிற ஸ்கூலு எதையும் பத்திரிகை, டிவி வெளியிடக் கூடாது, வெளியிட்டா அவங்க மேலயே கேஸ். அதனால ஹெச்எம் பயப்படறது யாரு பேருக்குன்னு யோசிச்சுக்கோங்க.

இன்னொண்ணு, திரும்பத் திரும்பக் கேக்காதீங்க. பாட்டி ஒருவாட்டி, சித்தி ஒருவாட்டின்னு கேட்டா, நாம சொன்னது தப்பு போலன்னு நெனச்சு புள்ளை சொன்னதயே மாத்திடும். அவ சொன்ன வார்த்தையை அப்படியே, தேதி போட்டு ஒரு நோட்டுல எழுதி வைங்க, உங்க வார்த்தை கலக்க வேண்டாம். "உன் மேல ஒரு தப்பும் இல்ல, சொன்னது நல்லது"ன்னு மட்டும் சொல்லுங்க, "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்"னு சத்தியம் பண்ணிடாதீங்க, காப்பாத்த முடியாது.

வேற ஸ்கூல்தானே, அவளுக்கே இஷ்டம்னா மாத்துங்க, ஆனா புகார் குடுத்துட்டு மாத்துங்க. வீட்டுக்காரர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க, அடுத்த புதன்கிழமையும் அந்த கிரவுண்டுல நாலாங்கிளாஸ் புள்ளைங்கதானே நிக்கும்?

கேள்வி: நான் டீச்சர். ஆறாங்கிளாஸ் பையன் ஒருத்தன், வேன்ல வர்ற உதவியாளர் பத்தி நோட்டோட கடைசிப் பக்கத்துல கிறுக்கி வெச்சிருக்கான், படிச்சா கை நடுங்குது மேடம். ஹெச்ஓடி "பையன்தானே, விளையாட்டா இருக்கும்"ங்கிறார். தப்பாப் போனா என் மேல கேஸ் வருமா?

பதில்: "பையன்தானே"ங்கிற வார்த்தையால எத்தனை பசங்க வாயடச்சுப் போயிருக்கானுங்களோ! போக்சோவுல பையன், பொண்ணு வித்தியாசம் கிடையாது, 18 வயசுக்குக் கீழ எல்லாருமே குழந்தைதான். நல்லெண்ணத்துல தகவல் சொன்னவங்க மேல நடவடிக்கை எடுக்க முடியாதுன்னு அதே 19-ஆம் பிரிவுல இருக்கு, வேணும்னே பொய்ப் புகார் குடுத்தாதான் சிக்கல். நடந்துச்சான்னு நிரூபிக்கிற வேலை உங்களோடது இல்ல, சந்தேகம் இருந்தாலே சொல்லணும், பெரியவங்க கிட்ட சொல்லிட்டேன்னு நிறுத்திடக் கூடாது. வேன்ல கூட வர்ற ஆள் மறுநாள் காலைலயும் அதே பையன் பக்கத்துலதான் உக்காருவார், அதனால சாயங்காலம் பெல் அடிக்கிறதுக்குள்ள 1098-க்குப் போன் போட்டுடுங்க, அவனோட அப்பா அம்மாவை வரச்சொல்லி அன்னிக்கு அவங்க கூடவே அனுப்புங்க. அந்த நோட்டை ஸ்டாஃப் ரூம்ல சுத்த விடாதீங்க, கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்ல போட்டோவும் வேண்டாம், பீரோவுல பூட்டி வெச்சு போலீஸ் கையில நீங்களே குடுங்க.