'அதற்குத்தானே சம்பளம்!'

கேள்வி: எங்களுக்கு வசதிக்குக் குறைவில்லை. 11 வயது மகனின் பிறந்தநாளுக்காக நானும் கணவரும் மூன்று கடை ஏறி இறங்கி ஒரு போன் வாங்கினோம். பிரித்துப் பார்த்துவிட்டு, "வேற கலர் கிடைக்கலையா?" என்றான். அன்று முழுக்க அழுதேன். போன வாரம் நீச்சல் வகுப்பு முடிந்த பிறகும் நண்பர்களோடு விளையாடிவிட்டு இரண்டரை மணி நேரம் தாமதமாக வந்தான். டிரைவர் காத்திருந்தார், அது பரவாயில்லை, அதற்குத்தானே சம்பளம் கொடுக்கிறோம். எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அல்லவா? தினமும் நன்றி நோட்டு எழுத வைக்கலாமா? ஆதரவற்றோர் இல்லத்துக்குக் கூட்டிப் போய்க் காட்டலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: போனை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்த டிரைவர்.

ஒரு மனிதர் இரண்டரை மணி நேரம் காருக்குள் உட்கார்ந்திருக்கிறார். பையன் எப்போது வருவான் என்று தெரியாது. சாப்பிடப் போனால் அந்த நேரம் பார்த்து வந்துவிடுவானோ என்ற பயம் வேறு. இதை நீங்கள் பாதி வரியில் தாண்டிப் போயிருக்கிறீர்கள். உங்களுக்குத் தகவல் வராததுதான் உங்களுக்குக் குறை. இந்தக் கடிதத்தில் உங்கள் நாய்க்குட்டிக்குக்கூடப் பெயர் இருந்தது (இடமில்லாததால் அந்தப் பகுதியை வெட்டிவிட்டோம்). டிரைவருக்கு இல்லை.

'அதற்குத்தானே சம்பளம்.' அந்த 'தானே'யைப் பையன் உங்களிடமிருந்துதான் கற்றிருக்கிறான். டிரைவர் என்றால் காத்திருக்கத்தானே வேண்டும். சமைப்பவர் சமைக்கத்தானே வேண்டும். அப்புறம் அப்பா அம்மா மட்டும் என்ன? வாங்கித் தரத்தானே வேண்டும்! உங்கள் கணக்கை அவன் உங்களுக்கே போட்டுக் காட்டியிருக்கிறான். அன்று நீங்கள் அழுதீர்கள். டிரைவர் அழுதாரா என்று யாரும் கேட்கவில்லை.

2014இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்க உளவியலாளர் ஜெஃப்ரி ஃப்ரோவும் அவரது குழுவினரும் 8 முதல் 11 வயதுக் குழந்தைகளுக்கு மூன்று விஷயங்களை யோசிக்கப் பழக்கினார்கள்: உதவியவர் வேண்டுமென்றே செய்தாரா, அதற்காக அவர் எதை இழந்தார், நமக்கு அதனால் என்ன கிடைத்தது. அந்தப் பிள்ளைகள் நன்றி அட்டைகளை அதிகமாக எழுதினார்கள். இதில் நடுக் கேள்விதான் உங்கள் வீட்டில் எழுவதே இல்லை. பணம் கொடுத்தாகிவிட்டது, எனவே யாருக்கும் எந்த இழப்பும் இல்லை என்று முடித்துவிடுகிறீர்கள். சம்பளம் வேலைக்கான கூலி. உங்கள் பையன் விளையாடி முடிக்கும்வரை பசியோடு காத்திருப்பதற்குமா அது?

நோட்டு எழுதட்டும், கெடுதல் இல்லை. ஆனால் 'கார் இருக்கிறது, நன்றி' என்று எழுதினால் கிழித்துப் போடுங்கள். காரை ஓட்டியது யார் என்று எழுதச் சொல்லுங்கள்.

ஆதரவற்றோர் இல்லத்துக்கு மட்டும் தயவுசெய்து போகாதீர்கள். பெற்றோரை இழந்த குழந்தைகள் உங்கள் மகனுக்குப் பாடப்புத்தகமாக இருக்கப் பிறந்தவர்கள் அல்ல. 'நல்ல வேளை, நாம் இப்படி இல்லை' என்ற நிம்மதியோடு திரும்புவான், அவ்வளவுதான்.

எனக்குப் பழைய காலத்துப் புத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் உழைப்பவரை மதிக்காத குடும்பத்தில் பெற்றவர்களுக்கும் மரியாதை நிற்காது. இதைப் பல வீடுகளில் பார்த்துவிட்டேன்.

நாளைக் காலை பையன் கண் முன்னால் டிரைவரிடம் நீங்கள் மன்னிப்புக் கேளுங்கள். "அன்றைக்கு நான் உங்களைப் பற்றி நினைக்கவே இல்லை" என்று நேராகச் சொல்லுங்கள். பிறகு பையனின் முறை. அந்த இரண்டரை மணி நேரமும் என்ன செய்தார், எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார், அங்கே யார் காத்திருந்தார்கள் என்று அவனே கேட்டுத் தெரிந்துகொண்டு வரட்டும். போன் அதுவரை உங்கள் அலமாரியிலேயே இருக்கட்டும்.