கேரவனில் கொச்சிக்குப் போகலாமா?

கேள்வி: இஸ்ரேலில் வாழும் என் கல்லூரித் தோழி 60-வது பிறந்தநாளுக்குச் சென்னை வருகிறாள். அவள் பாட்டி கொச்சி யூதர். வாடகை கேரவனில் நாலைந்து பேராகப் போய், கொண்டாட்டத்தோடு பாட்டி ஊரையும் காட்டிவிடலாம் என்று ஆசை. யோசனை சொல்லுங்களேன்.
– வாசகி, அண்ணா நகர்

பதில்: பாட்டிக்கு எந்த ஊர் என்று முதலில் தோழியிடம் கேட்டுவிடுங்கள், ஏனென்றால் கொச்சி யூதர் என்றாலே மட்டாஞ்சேரி என்று நினைக்கிறோம், ஆனால் வடக்கு பரவூர், சேந்தமங்கலம், மாளா என்று பல ஊர்க்காரர்களும் 1950-களில் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தவர்கள்தான். கோவை, பாலக்காடு, திருச்சூர் வழியாகப் போனால் இந்த மூன்றும் கொச்சிக்கு முன்பே வந்துவிடும். சேந்தமங்கலத்தைத் தவறவிடாதீர்கள். அங்கே ஜெப ஆலயத்தின் முன்னால் சாரா என்ற பெண்ணின் கல்லறைக் கல் நிற்கிறது, அதில் எபிரேய எழுத்து, ஆண்டு 1269!

மட்டாஞ்சேரி ஜெப ஆலயம் 1568-இல் கட்டியது. தரையில் பதித்த நீலப்பூ சீன ஓடுகளைக் குனிந்து பாருங்கள், ஒன்று போல இன்னொன்று இருக்காது. அந்தத் தெருவுக்குள் கேரவன் நுழையாது. வெளியே நிறுத்திவிட்டு ஆட்டோ பிடியுங்கள்.

அப்புறம் பார்ட்டி. வெள்ளி மாலை முதல் சனி மாலை வரை யூதர்களின் ஓய்வு நாளான சப்பாத், மட்டாஞ்சேரி ஜெப ஆலயமும் பார்க்க முடியாது, அதனால் சனி இரவு கேக் வெட்டுங்கள். தோழி ஆசாரம் பார்ப்பவர் என்றால் இறைச்சியும் பாலும் சேரக்கூடாது, பிரியாணி போட்டுவிட்டு க்ரீம் கேக் நீட்டாதீர்கள்.

கிளம்பும் முன் ஜார்ஜ் டவுன் பவளக்காரத் தெருவுக்கும் ஒரு நடை. 17-ஆம் நூற்றாண்டு மதராஸில் யூத வணிகர்கள் பவளமும் வைரமும் வியாபாரம் செய்தவர்கள்.