கடன் முடிந்தால் மட்டும் போதாது, கிராண்டில் வங்கியின் அடமானமும் நீங்க வேண்டும்

கேள்வி: வணக்கம் லாயர் அம்மா. நான் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் பாய்லர் பார்க்கிறேன், வயது 57. 2008இல் தாமானில் ஒரு தரை வீடு வாங்கினேன். விலை 128,000 வெள்ளி, அதில் 115,000 பேங்க் கடன், 70 வயது வரை கட்ட வேண்டும். மாதம் 580, வட்டி இப்போது 4.4 விழுக்காடு. இன்னும் 68,000 பாக்கி என்கிறார்கள். நான்கு வருடமாக மாதம் 150 வெள்ளி கூடுதலாகக் கட்டுகிறேன், ஆனால் பாக்கி குறைந்த மாதிரியே தெரியவில்லை. 60இல் வேலை முடிந்ததும் தோட்ட வீட்டைக் காலி செய்துவிட்டு நானும் மனைவியும் அங்கேதான் போக வேண்டும். இப்போது மகன் குடும்பம் அந்த வீட்டில் இருக்கிறது. இபிஎஃப் சேமநிதியில், 55 வயது வரை சேர்ந்த பணம் உள்ள அக்காவுன் 55இல் 112,000 இருக்கிறது. அதை எடுத்து ஒரேயடியாக அடைத்துவிடலாமா? வீட்டை என் பெயருக்கு மாற்றுங்கள், கடனை நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறான் மகன். வீட்டின் உரிமைப் பத்திரமான கிராண்டு இன்னும் என் கைக்கு வரவில்லை. என்ன செய்வது?

பதில்: வணக்கம் ஐயா. 60 வயதுக்குள் இந்தக் கடனை உங்களால் முடித்துவிட முடியும். அதற்கு இபிஎஃப் பணத்தில் பாதிக்கு மேல் கரைக்க வேண்டியதில்லை, வீட்டையும் யாருக்கும் எழுதிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்துவது கடைசியாக, போகிற போக்கில் நீங்கள் எழுதிய அந்த கிராண்டு விஷயம்தான். அதற்கு வருகிறேன்.

முதலில் அந்த 150 வெள்ளி. பல வங்கிகளில் சாதாரணத் தவணைக் கடனுக்கு நீங்கள் கூடுதலாகக் கட்டும் பணம் தானாக அசலில் கழியாது, வரப்போகிற மாதத் தவணைக்கு முன்பணமாகத்தான் உட்கார்ந்திருக்கும். நான்கு வருடத்தில் 7,200 வெள்ளி கட்டியிருக்கிறீர்கள். அது அப்படித்தான் கிடக்கிறது என்று நினைக்கிறேன், பாக்கி குறையாத காரணம் அதுவாகத்தான் இருக்கும். கடன் கொடுத்த கிளைக்கு நேராகப் போய், இந்த முன்பணத்தை அசலில் கழியுங்கள், இனிமேல் கட்டும் கூடுதல் பணத்தையும் அசலில்தான் கழிக்க வேண்டும் என்று கடிதமாகக் கொடுங்கள். நகலில் முத்திரையும் தேதியும் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கௌண்டரில் வாயால் சொல்லிவிட்டு வந்தால் நாளைக்கு அதற்குச் சாட்சி இல்லை. வங்கி இழுத்தடித்தால் மத்திய வங்கியான பேங்க் நெகாராவில் புகார் செய்யலாம், அதற்கு லாயர் தேவையில்லை, காசும் இல்லை.

அப்புறம் கணக்கு. 68,000 பாக்கிக்கு 4.4 விழுக்காடு என்றால் இந்த மாதம் வட்டி மட்டும் ஏறக்குறைய 250 வெள்ளி, அதாவது நீங்கள் கட்டும் 580இல் 330தான் அசலுக்குப் போகிறது. இப்படியே விட்டால் 60 வயதில் சுமார் 55,000 பாக்கியோடு, சம்பளம் இல்லாமல், இன்னும் பத்து வருடம் கட்டிக்கொண்டிருப்பீர்கள். மாறாக, அந்த 7,200 அசலில் கழிந்து, அக்காவுன் 55இலிருந்து 38,000 எடுத்து அதையும் அசலில் போட்டால், பாக்கி 22,800 ஆகிவிடும். அதற்கு மேல் இப்போது கட்டுகிற மாதிரியே 580ம் 150ம் சேர்த்து 730 கட்டினால் சுமார் 34 மாதத்தில் கடன் முடிந்துவிடும், 60 பிறப்பதற்குள். இபிஎஃப்பில் 74,000 அப்படியே இருக்கும். மொத்தக் கடனையும் இன்றைக்கே அடைத்தால் மிஞ்சுவது 50,000 அளவுதான், இந்த வயதில் மருத்துவச் செலவு ஒன்று வந்தால் அந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று உங்களுக்கே தெரியும். ஒன்றைக் கவனியுங்கள், பெரிய தொகை கட்டியதும் சில வங்கிகள் மாதத் தவணையைக் குறைத்துவிட்டுக் கடன் காலத்தை அப்படியே விட்டுவிடும். தவணை அப்படியே இருக்கட்டும், காலத்தைக் குறையுங்கள் என்று அதே கடிதத்தில் எழுதுங்கள்.

உங்களுக்கு 55 தாண்டிவிட்டதால் அக்காவுன் 55இலிருந்து எடுக்க வீட்டுக் கடன் காரணம் காட்டவே வேண்டாம், எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் எடுக்கலாம். 55க்குப் பிறகு போடப்படும் சந்தா அக்காவுன் எமாசுக்குப் போகிறது, அதில் 60 வரை கை வைக்க முடியாது. (55 வயது ஆகாதவர்கள் வீட்டுக் கடனைக் குறைக்க அக்காவுன் செஜாத்தெராவிலிருந்து எடுக்கலாம், அதற்கு வங்கியின் பாக்கிக் கடிதமும் மற்ற பத்திரங்களும் வேண்டும்.) 60 ஆனதும் எல்லாவற்றையும் எடுத்தே ஆக வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், 100 வயது வரை உள்ளேயே வைத்திருக்கலாம், லாப ஈவு வந்துகொண்டிருக்கும். 2023இல் சாதாரணக் கணக்குக்கு 5.5 விழுக்காடும் 2024இல் 6.3ம் கொடுத்தார்கள். கடன் வட்டியை விட இது அதிகம், அப்படியிருக்கப் பணத்தை ஏன் எடுக்க வேண்டும் என்று படித்த பிள்ளைகள் கேட்பார்கள். ஒவ்வொரு மாதமும் சம்பளம் வருகிறவருக்கு அது சரியான கேள்வி. சம்பளம் நின்றவருக்கு நிலைமை வேறு: தவணை தவறினால் வங்கி தேசிய நிலச் சட்டத்தின் கீழ் 16டி பாரத்தில் நோட்டீஸ் கொடுக்கும், அதில் குறைந்தது ஒரு மாத அவகாசம் இருக்கும், அதற்குள் சரிசெய்யாவிட்டால் வீட்டை லேலோங், அதாவது ஏலம், விட விண்ணப்பிக்கலாம். லேலோங் முடியும் முன் மொத்தப் பாக்கியையும் கொண்டுவந்து கட்டினால் வீட்டை மீட்க உரிமை உண்டு, ஆனால் அந்த வயதில் அந்தப் பணத்துக்கு எங்கே போவீர்கள்?

முழுதாக அடைக்கும்போது அபராதம் உண்டா என்று கேட்பீர்கள். சாதாரணமாக முதல் 3 முதல் 5 வருடத்துக்குள் அடைத்தால்தான் அபராதம், உங்கள் கடன் 2008. இருந்தாலும் ஒப்பந்தத்தைப் பாருங்கள், முன்கூட்டியே எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும் என்று பலவற்றில் ஒரு வரி இருக்கும். உங்களுடையது இஸ்லாமிய முறைக் கடன் என்றால், சீக்கிரம் அடைப்பவருக்கு இப்ரா என்ற தள்ளுபடி உண்டு, அதைக் கழித்துத்தான் கணக்குக் காட்ட வேண்டும்.

இப்போது கிராண்டு. கடைசி வெள்ளியைக் கட்டி, வங்கி "கடன் முடிந்தது" என்று கடிதம் கொடுத்ததும் வீடு தன்னுடையதாகிவிட்டது என்று நம் ஆட்கள் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். நிலப் பதிவேட்டில் வங்கியின் அடமானம் அப்படியே நிற்கும். அதை நீக்க வங்கி 16என் பாரத்தில் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும், கிராண்டோடு சேர்த்து அதை நில அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும், பதிவான அன்றுதான் அடமானம் நீங்குகிறது. வங்கி கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பாரத்தைக் கிராண்டோடு பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுப் பத்துப் பதினைந்து வருடம் கழித்து, அப்பா இறந்த பிறகு பிள்ளைகள் தூக்கிக்கொண்டு வருவதை நிறையப் பார்க்கிறேன். அதற்குள் வங்கி வேறு வங்கியோடு இணைந்திருக்கும், கையெழுத்துப் போட்டவர் அங்கே இருக்க மாட்டார், எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும், இறந்தவர் சொத்தை வாரிசுகளுக்கு மாற்றும் பூசாக்கா வேலையும் அதனோடு சேர்ந்துகொள்ளும். நீங்கள் உயிரோடும் தெம்போடும் இருக்கும்போது இரண்டு மூன்று மாதத்தில் முடிகிற வேலை, பிள்ளைகளுக்கு வருடக் கணக்கில் இழுக்கும்.

உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கலாம். தாமான் வீடு என்பதால், கடன் எடுத்தபோது உங்கள் வீட்டுக்கென்று தனி கிராண்டு வந்திருந்ததா? வரவில்லை என்றால் வங்கி அடமானம் பதிந்திருக்காது, கொள்முதல் ஒப்பந்தத்தில் உள்ள உங்கள் உரிமையைத் தன் பெயருக்கு எழுதி வாங்கியிருக்கும். அப்படியானால் கடன் முடிந்ததும் அந்த உரிமையை வங்கி உங்களுக்குத் திருப்பி எழுதித் தர வேண்டும், பிறகு வீட்டைக் கட்டி விற்ற மேம்பாட்டாளர் 14ஏ பாரத்தில் உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். இதற்கு முத்திரைத் தீர்வை உண்டு: முதல் 100,000 வெள்ளிக்கு 1 விழுக்காடு, அதற்கு மேல் 500,000 வரை 2 விழுக்காடு, உங்கள் விலைக்கு 1,560 வெள்ளி. லாயர் கட்டணம் தனி. கிராண்டு வந்துவிட்டது, வந்து பெயர் மாற்றுங்கள் என்று மேம்பாட்டாளர் எப்போதோ அனுப்பிய கடிதத்தைப் படிக்காமல் ஓரமாக வைத்தவர்கள் நிறையப் பேர். நிறுவனம் இழுத்து மூடப்பட்டிருந்தால் கலைப்பாளரிடம்தான் போக வேண்டும், நாள் பிடிக்கும். அதனால் கடன் முடியும் வரை காத்திருக்காமல் இந்த மாதமே ஒரு காரியான் ரஸ்மி, அதாவது நிலப் பதிவேட்டின் அதிகாரப்பூர்வத் தேடல் தாள், எடுங்கள். சுங்கை சிப்புட் கோலகங்சார் மாவட்டத்தைச் சேர்ந்தது, கிராண்டு எந்த வகை என்பதைப் பொறுத்து அங்குள்ள நில அலுவலகத்திலோ ஈப்போவில் உள்ள மாநில நில அலுவலகத்திலோ எடுக்கலாம். உரிமையாளர் யார், அடமானம் யார் பெயரில், நில வரி எவ்வளவு என்று ஒரே தாளில் தெரிந்துவிடும்.

கடனோடு எம்ஆர்டிஏ என்ற வீட்டுக் கடன் காப்புறுதி எடுத்திருந்தால் பத்திரத்தைத் தேடிப் பாருங்கள். கடன் 30 வருடம் என்றாலும் காப்புறுதி 20 வருடத்துக்கு மட்டும் எடுக்கப்பட்டிருக்கலாம், அப்படியென்றால் 2028இல் முடிகிறது. நடுவில் உங்களுக்கு ஏதாவது ஆனால் பாக்கியை அதுதான் அடைக்கும். கடனைச் சீக்கிரம் முடித்தால் காப்புறுதியை முன்கூட்டியே முடிப்பதற்கான சரண் மதிப்பு ஏதும் திரும்ப வருமா என்று காப்புறுதி நிறுவனத்திடம் நீங்களாகக் கேளுங்கள்.

மகன் விஷயம். அவர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார், நான் அதைச் சந்தேகிக்கவில்லை. பெற்றோர் பிள்ளைக்கு அன்பின் பேரில் எழுதிக்கொடுத்தால், மலேசியக் குடிமக்களுக்கு 1 ஏப்ரல் 2023 முதல் 10 லட்சம் வெள்ளி மதிப்பு வரை முத்திரைத் தீர்வை இல்லை, அதனால் செலவு குறைவு என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கலாம். ஆனால் கடனை அப்படியே அவர் தலைக்கு மாற்ற முடியாது. அவர் புதுக் கடன் எடுத்து, உங்கள் கடனை அடைத்து, புது அடமானம் பதிய வேண்டும், இன்னும் மூன்று வருடத்தில் முடியக்கூடிய கடன் மறுபடி 20, 30 வருடத்துக்கு நீளும். பெயர் மாறிய பிறகு சட்டத்தின் கண்ணில் அது அவர் வீடு. அவருக்குத் தொழிலில் நஷ்டம் வந்து 100,000 வெள்ளிக் கடனில் திவாலானாலும், குடும்பத்தில் மணமுறிவு வந்தாலும், நீங்களும் அம்மாவும் போய் இருக்கப்போகிற வீடு அந்த வழக்குக்குள் போய்விடும். தோட்ட வீட்டை விட்டு இறங்கும் உங்களுக்கு வேறு கூரை கிடையாது. அதனால் வேண்டாம் ஐயா, தெளிவாகச் சொல்கிறேன். உதவ நினைத்தால் அந்த 730இல் மாதம் 300 அவர் போடட்டும், இப்போது அங்கே குடியிருப்பதும் அவர்தானே.

பெயர் சேர்க்க வேண்டும் என்றால் உங்கள் மனைவியின் பெயரைச் சேருங்கள். அடமானம் நீங்கிய அதே சமயத்தில் பாதிப் பங்கை அவருக்கு எழுதிவிடலாம், கணவன் மனைவிக்குள் அன்பின் பேரில் செய்யும் மாற்றத்துக்கு முத்திரைத் தீர்வை விலக்கு உண்டு. உயில் எழுதாமல் நீங்கள் இறந்தால், உங்கள் பெற்றோர் இல்லாத நிலையில், 1958ஆம் ஆண்டு பங்கீட்டுச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கும் பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டும் போகும், அவர் இருக்கும் வீட்டிலேயே சிறுபான்மைப் பங்குதாரர் ஆகிவிடுவார். பாதி அவர் பெயரில் இருந்து, மீதிப் பாதிக்கு நீங்கள் ஒரு உயிலும் எழுதிவிட்டால் அந்தப் பிரச்சினை வராது. காரியான் தாளும், கடன் ஒப்பந்தமும், கொள்முதல் ஒப்பந்தமும் கையில் கிடைத்ததும் உங்கள் ஊரில் ஒரு லாயரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள், 16என் பதிவுக்கும் பெயர் சேர்ப்பதற்கும் சேர்த்து எவ்வளவு ஆகும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.