‘வேலை இருக்கா சார்?’ என்று கேட்காமல் வேலை தேடுவது: கேள்வி பதில்

கேள்வி: ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஆட்டோ உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி இன்ஜினியராக 4 வருடம் ஆகிறது. நௌக்ரி வேலைவாய்ப்புத் தளத்தில் நான்கு மாதமாக 200 இடத்துக்கு மேல் அப்ளை செய்துவிட்டேன். வந்தது மூன்றே அழைப்பு. எங்கே தப்பு சார்?

பதில்: முதலில் நௌக்ரியைச் சரி செய்வோம். அங்கே நாம் கம்பெனியைத் தேடுவதைவிட, ஆள் எடுப்பவர்கள் நம்மைத் தேடுவதுதான் அதிகம். அவர்கள் ‘குவாலிட்டி இன்ஜினியர்’ என்று மட்டும் அடித்துத் தேடுவதில்லை. பிபிஏபி, ஏபிக்யூபி, சிஎம்எம், ஐஏடிஎஃப் 16949, 8டி என்று தரக் கட்டுப்பாட்டில் பயன்படும் முறை, கருவி, தரநிலை ஆகியவற்றின் பெயரைப் போட்டுத் தேடுகிறார்கள். பிறகு ஊர், சம்பளம், நோட்டீஸ் பீரியட், கடைசியாக எப்போது ப்ரொஃபைலைப் புதுப்பித்தார் என்று வடிகட்டுகிறார்கள். இந்தச் சொற்கள் உங்கள் தலைப்பு வரியில் இல்லையென்றால் நீங்கள் அவர்கள் கண்ணிலேயே படவில்லை என்று பொருள். செய்த வேலையை மட்டும் போடுங்கள், ஆனால் அதற்குத் தொழிலில் வழங்கும் பெயரையே போடுங்கள். வாரம் ஒருமுறை ஏதாவது ஒரு வரியை மாற்றிச் சேமியுங்கள். இதற்கு வாரத்துக்கு ஒரு மணி நேரம் போதும்.

மீதி நேரத்தை ஒரு பட்டியலுக்குக் கொடுங்கள். விளம்பரம் வந்திருக்கிறதா என்று பார்க்காமல், நீங்கள் போக விரும்பும் 30 கம்பெனிகளை எழுதுங்கள். பெரிய வண்டிக் கம்பெனிகளின் பெயர் எல்லோருக்கும் தெரியும், அதனால் அங்கே கூட்டமும் அதிகம். அவற்றுக்கு நேரடியாக உதிரிபாகம் கொடுக்கும் முதல்நிலைக் கம்பெனிகளும், அந்த முதல்நிலைக்குக் கொடுக்கும் இரண்டாம்நிலைக் கம்பெனிகளும் ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை, திருமுடிவாக்கம், அம்பத்தூர், ஓசூர் என்று பரவிக் கிடக்கின்றன. அவற்றின் பெயர் கிடைக்கும் இடங்கள்: அம்பத்தூர் தொழிற்பேட்டை உற்பத்தியாளர் சங்கம் நந்தம்பாக்கத்தில் நடத்தும் ‘ஆக்மி’ கண்காட்சி, கோவையில் கொடிசியா என்ற சிறுதொழில் சங்கம் நடத்தும் ‘இன்டெக்’, அந்தக் கண்காட்சிகளில் கடை போடும் நிறுவனங்களின் பட்டியல். உங்கள் ஸ்டோருக்கு வரும் டெலிவரி சலானில் இருக்கும் பெயர்களையும் விடாதீர்கள்.

ஒவ்வொரு கம்பெனியிலும் குவாலிட்டி தலைவர் அல்லது பிளான்ட் ஹெட் யாரென்று லிங்க்ட்இனில் கண்டுபிடியுங்கள். எச்.ஆரை அடுத்தபடியாக வைத்துக்கொள்ளலாம். நூறு இருநூறு பேர் வேலை செய்யும் இடத்தில் ஆள் வேண்டும் என்று முதலில் உணர்பவர் துறைத் தலைவர்தான். அவர் சொல்லி, எச்.ஆர். ஒப்புதல் வாங்கி, விளம்பரம் வெளியே வருவதற்குள் சில வாரம் ஓடிவிடும். அந்த இடைவெளியில் உங்கள் பெயர் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. பெரிய இடத்தில் தெரிந்தவர் ஒருவரும் கிடையாது. தொடர்புகளை வளர்த்துக்கொள் என்கிறார்கள். இல்லாத தொடர்பை எங்கே போய் வளர்ப்பது?

பதில்: இந்தக் கவலை நியாயமானது. ஆனால் பெரிய இடத்து மாமா இருந்தால்தான் நடக்கும் என்று நினைக்க வேண்டியதில்லை. மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் அமெரிக்காவின் நியூட்டன் நகரில், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம் ஒன்று கேட்டார்: தகவல் சொன்னவரை அப்போது எவ்வளவு அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தீர்கள்? அடிக்கடி என்றவர்கள் 16.7 சதவீதம். எப்போதாவது என்றவர்கள் 55.6. அரிதாக என்றவர்கள் 27.8. இது 1973இல் வெளியானது. 2022இல் சயின்ஸ் இதழில் லிங்க்ட்இன் பயனர்கள் 2 கோடி பேரை வைத்து வந்த ஆய்வும், ஓரளவு தளர்வான அறிமுகங்கள்தான் வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவுகின்றன என்றது. காரணம் எளிது. நெருங்கிய நண்பனுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்கும். தூரத்து ஆளின் உலகம் வேறு.

ஆகவே ஒரு நோட்டில் 60 பெயர் எழுதுங்கள். கல்லூரியில் இரண்டு மூன்று வருடம் முன்னே படித்தவர்கள், லேப் உதவியாளர், ப்ராஜெக்ட் செய்த கம்பெனியின் சூப்பர்வைசர், கம்பெனி பஸ்ஸில் உடன் வருபவர், ஊர் நூலகத்தில் பார்க்கும் ஓய்வுபெற்ற அலுவலர். தொழிற்சாலைத் துறை என்றால் மூன்று பேரைக் கட்டாயம் சேருங்கள்: அளவுக்கருவிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று காலிப்ரேஷன் செய்ய வருபவர், மெஷின் சர்வீஸ் இன்ஜினியர், கட்டிங் டூல் விற்க வருபவர். இவர்கள் பல ஆலைகளுக்குள் நுழைந்து வெளியே வருகிறவர்கள். எங்கே புது லைன் போடுகிறார்கள், எங்கே ஆள் விட்டுப் போனார் என்பது வாசல் பலகையில் எழுதப்படும் முன்பே இவர்களுக்குத் தெரியும்.

கேள்வி: லிங்க்ட்இனில் நூறு பேருக்கு மேல் மெசேஜ் போட்டேன். ‘வேலை வாய்ப்பு இருந்தால் தெரிவிக்கவும், ரெஸ்யூமே இணைத்துள்ளேன்’ என்றுதான் எழுதுகிறேன். ஒருவரும் பதில் போடுவதில்லையே?

பதில்: அந்த வரிக்கு ‘இல்லை’ என்பதைத் தவிர வேறு பதில் எழுத முடியாது. முகத்தில் அடித்தாற்போல் இல்லை என்று சொல்ல நம்மவர்களுக்குக் கூச்சம். அதனால் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். அவர்களால் எளிதாகக் கொடுக்க முடிவதைக் கேளுங்கள். தகவலைக் கேளுங்கள். இப்படி எழுதலாம்:

“வணக்கம் சார். நான் அலுமினியம் காஸ்டிங் குவாலிட்டியில் 4 வருடமாக இருக்கிறேன். மின்வாகன உதிரிபாகங்களுக்கு மாறலாமா என்று யோசிக்கிறேன். நீங்கள் 2021இல் அப்படி மாறியதை உங்கள் ப்ரொஃபைலில் பார்த்தேன். அங்கே லீக் டெஸ்ட் வேலை எவ்வளவு வேறுபடுகிறது என்று தெரிந்துகொள்ள 15 நிமிடம் பேச முடியுமா? சனிக்கிழமை மாலை உங்களுக்கு வசதிப்படுமா?”

நீங்கள் யார், ஏன் குறிப்பாக அவரிடம் கேட்கிறீர்கள், என்ன கேள்வி, எவ்வளவு நேரம். இவை நான்கும் இருந்தால் போதும். ரெஸ்யூமே இணைக்காதீர்கள். ஒரே மெசேஜை நகலெடுத்து நூறு பேருக்கு அனுப்பினால் படிப்பவருக்குத் தெரிந்துவிடும். வாரம் ஐந்து பேருக்குத் தனித்தனியாக எழுதுங்கள். பதில் வராவிட்டால் ஏழெட்டு நாள் கழித்து ஒருமுறை நினைவூட்டுங்கள். அதற்கும் மௌனம் என்றால் விட்டுவிடுங்கள்.

பேச ஒத்துக்கொண்டால்: இந்த வேலையில் வாரம் எப்படிப் போகிறது, எது சலிப்பு, புதிதாக வருகிறவர் எதில் தடுமாறுகிறார், என் அனுபவத்தில் என்ன குறை தெரிகிறது என்று கேளுங்கள். முடிக்கும்போது மறக்காமல் கேட்க வேண்டியது: “இதைப் பற்றி நான் இன்னும் யாரிடம் பேசலாம்?” ஒரு பெயர் கிடைத்தால் அடுத்த மெசேஜ், ‘இன்னார் சொல்லி எழுதுகிறேன்’ என்று தொடங்கும். அதற்குப் பதில் வரும் வாய்ப்பு கூடுதல்.

பலரும் கெடுத்துக்கொள்வது பத்தாவது நிமிடத்தில். பேச்சு நன்றாகப் போகிறதே என்று “அப்படியே உங்க கம்பெனியில ஏதாவது பார்த்துச் சொல்லுங்க சார்” என்று நுழைத்துவிடுகிறார்கள். தகவல் கேட்க வந்ததாகச் சொன்னது பொய்யாகிவிடுகிறது. அவராகக் கேட்டால் மட்டும் ரெஸ்யூமே அனுப்புங்கள். அன்றே நன்றி எழுதுங்கள். ஒரு மாதம் கழித்து, அவர் சொன்னதை வைத்து என்ன செய்தீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். இந்த இரண்டாவது மெசேஜை அனுப்புபவர்கள் மிகக் குறைவு. உங்களை நினைவில் நிறுத்துவது அதுதான்.

கேள்வி: நண்பர் தன் கம்பெனியில் ரெஃபர் செய்தார். ‘ஏற்கெனவே சிஸ்டத்தில் இருக்கிறார்’ என்று தள்ளிவிட்டார்களாம். நான் அங்கே அப்ளை செய்யவே இல்லையே?

பதில்: ஏதோ ஒரு கன்சல்டன்சி உங்கள் ரெஸ்யூமேயை ஏற்றியிருக்கும். முதலில் ஏற்றியவருக்கே உரிமை என்று பல கம்பெனிகளில் சில மாதங்களுக்குக் கணக்கு வைப்பார்கள். அதனால் கன்சல்டன்சியிலிருந்து அழைத்தால் முதல் கேள்வியாக எந்தக் கம்பெனிக்கு என்று கேளுங்கள். பெயர் சொல்லாதவருக்கு ரெஸ்யூமே அனுப்பாதீர்கள். ‘நான் மெயிலில் சம்மதம் சொன்ன கம்பெனிக்கு மட்டும் அனுப்புங்கள்’ என்று எழுதி வையுங்கள். உங்கள் 30 கம்பெனிப் பட்டியலில் உள்ள இடங்களுக்கு முதலில் உள்ளே இருப்பவர் வழியாகவே முயலுங்கள்.

கேள்வி: பி.காம். முடித்து ஐந்து வருடம் டி.என்.பி.எஸ்.சி.க்குப் படித்தேன். வயது 28. இனி தனியார் வேலைதான். ஐந்து வருட இடைவெளியைக் கேட்டால் என்ன சொல்வது? ஊர் திண்டுக்கல் பக்கம்.

பதில்: உள்ளதைச் சொல்லுங்கள். “குரூப் தேர்வுகளுக்குப் படித்தேன், தேர்வாகவில்லை, இனி அந்தப் பக்கம் போவதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன்.” அவ்வளவே. முதலாளியின் பயம் நீங்கள் தோற்றது பற்றியதல்ல. அடுத்த அறிவிப்பு வந்ததும் ஓடிவிடுவீர்களோ என்பதே. அந்தப் பயத்துக்கு மட்டும் பதில் சொன்னால் போதும்.

இனி வேலை. உங்கள் படிப்புக்குப் பக்கத்திலேயே இருக்கும் கதவு ஆடிட்டர் அலுவலகம். ஆறு முதல் எட்டு வாரத்தில் நான்கைக் கற்றுக்கொள்ளுங்கள்: டேலி என்ற கணக்கு மென்பொருளில் பதிவு, பேங்க் ரீகன்சிலியேஷன் (வங்கிக் கணக்கை நம் பதிவோடு ஒத்துப் பார்ப்பது), ஜி.எஸ்.டி. தளம் தரும் கொள்முதல் வரி அறிக்கையான ஜி.எஸ்.டி.ஆர்-2பியைக் கொள்முதல் பில்களோடு ஒத்துப் பார்ப்பது, டி.டி.எஸ். (பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வரி) அடிப்படை. சான்றிதழைவிட, பழக்கமான ஒரு கடைக்காரரின் ஒரு மாத பில்களை வாங்கி நீங்களே போட்டுப் பார்த்தது அதிகம் பேசும்.

எப்போது போய்ப் பார்ப்பது என்பதும் முக்கியம். மாதாந்திரம் ஜி.எஸ்.டி. தாக்கல் செய்பவர்களுக்கு விற்பனை விவரம் தரும் ஜி.எஸ்.டி.ஆர்-1 கெடு 11ஆம் தேதி, வரி கட்டும் சுருக்க அறிக்கையான 3பி கெடு 20ஆம் தேதி. 18ஆம் தேதி போய் நின்றால் நிமிர்ந்து பார்க்கவும் நேரம் இருக்காது. 21இலிருந்து மாதக் கடைசிக்குள் போங்கள். வருமான வரித் தாக்கலும் டாக்ஸ் ஆடிட்டும் நெருக்கும் ஜூலை, செப்டம்பர் கடைசி வாரங்களைத் தவிருங்கள். அந்த நெருக்கடிக்கு ஆள் தேவைப்படும், அதற்கு ஒரு மாதம் முன்பே போய்விட வேண்டும். ஊரில் உள்ள எல்லா ஆடிட்டர் அலுவலகங்களையும் எழுதி, ஒரு நாளுக்கு மூன்று என்று நேரில் போங்கள். முதலில் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் அங்கே வரும் வாடிக்கையாளர்கள் பலரும் மில்லும் கடையும் வைத்திருப்பவர்கள். நல்ல அக்கவுன்டன்ட் வேண்டும் என்று அவர்கள் முதலில் கேட்பது ஆடிட்டரிடம்தான். கூடவே தமிழ்நாடு அரசின் தனியார் வேலைவாய்ப்பு இணையதளத்திலும் பதிந்து வையுங்கள்.

கேள்வி: குழந்தைக்காக வேலையை விட்டு ஏழு வருடம் ஆகிறது. முன்பு சாஃப்ட்வேர் டெஸ்டிங். திரும்ப முடியுமா மேடம்?

பதில்: முடியும். ஆனால் மேனுவல் டெஸ்டிங் மட்டும் தெரியும் என்றால் கடினம். சோதனையைத் தானியங்கியாகச் செய்ய செலினியம் அல்லது ப்ளேரைட், ஏ.பி.ஐ. (மென்பொருள்கள் தமக்குள் பேசும் இணைப்பு) சோதனைக்கு போஸ்ட்மேன், கொஞ்சம் எஸ்.க்யூ.எல். என்று மூன்று நான்கு மாதம் ஒதுக்குங்கள். ஏதாவது ஒரு பொது இணையதளத்துக்கு 20 சோதனைகள் எழுதி, நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் போடுங்கள். லிங்க்ட்இனில் தொழில் இடைவேளையைக் காட்டவே தனிப் பகுதி இருக்கிறது. அதை மறைக்காமல் நிரப்புங்கள். வேலைக்குத் திரும்பும் பெண்களுக்கென்றே பல பெரிய ஐ.டி. நிறுவனங்களில் தனித் திட்டம் உண்டு. எல்லாவற்றுக்கும் முன்னால் பழைய டீம் ஆட்களைத் தேடிப் பிடியுங்கள். ஏழு வருடத்தில் அவர்கள் பத்து கம்பெனிகளுக்குச் சிதறியிருப்பார்கள், சிலர் மேனேஜராகியிருப்பார்கள். உங்கள் வேலை எப்படி என்று நேரில் பார்த்தவர்கள். “இத்தனை நாள் பேசாமல் இப்போது எப்படி” என்ற தயக்கம் உங்களுக்குத்தான் இருக்கும், அவர்களுக்கு இருக்காது.

கேள்வி: இப்போதைய கம்பெனிக்குத் தெரியாமல் தேடுவது எப்படி?

பதில்: நௌக்ரியில் உங்கள் கம்பெனியைத் தடுத்துவைக்கும் வசதி உண்டு. குழும நிறுவனங்களின் பெயரையும் சேருங்கள். லிங்க்ட்இனில் வேலை தேடுகிறேன் என்று படத்தைச் சுற்றிக் காட்டும் பச்சை வளையம் போடாதீர்கள். அலுவலக லேப்டாப், மெயில், வைஃபை எதிலும் தேடல் வேண்டாம். பேசும் ஒவ்வொருவரிடமும் இது ரகசியம் என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாறுகிறேன். சம்பளம் ஏறுகிறது, மனசு நிறையவில்லை. அடுத்த இடம் பிடிக்குமா என்று முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: ஹேக்மன், ஓல்டம் என்ற இருவர் 1970களில் வேலையின் தன்மையை ஐந்தாகப் பிரித்தார்கள்: பலவகைத் திறமை தேவைப்படுகிறதா, ஒரு பொருளைத் தொடக்கம் முதல் முடிவுவரை செய்கிறோமா, அது பிறருக்கு முக்கியமா, நம் கையில் முடிவு இருக்கிறதா, செய்தது சரியா என்று உடனே தெரிகிறதா. இதுவரை பார்த்த வேலைகளுக்கு இந்த ஐந்திலும் பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போடுங்கள். எது ஒவ்வொரு முறையும் குறைகிறதோ அதைத்தான் அடுத்த இடத்தில் விசாரிக்க வேண்டும். முடிவெடுக்கும் உரிமைதான் குறை என்றால் நேர்காணலில் இப்படிக் கேளுங்கள்: “இந்தப் பொறுப்பில் இருப்பவர் யாரையும் கேட்காமல் கடைசியாக எடுத்த முடிவு என்ன?” பதில் சொல்ல அவர் திணறினாலே உங்களுக்கு விஷயம் புரிந்துவிடும். முன்பு அந்த இடத்தில் இருந்தவர் ஏன் போனார் என்பதை, அங்கிருந்து விலகிய ஒருவரிடம் தனியாகக் கேளுங்கள்.

சம்பள ஏற்றத்தையும் சரியாகக் கணக்கிடுங்கள். ஆண்டுக்கு 6 லட்சம் சி.டி.சி. (கம்பெனி உங்களுக்காகச் செய்யும் மொத்தச் செலவு) என்றால் மாதம் 50,000 என்று தோன்றும். அதில் 10 சதவீதம் வேரியபிள் (செயல்திறனைப் பொறுத்து பிறகு வரும் தொகை), மாத அடிப்படைச் சம்பளம் 25,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். வேரியபிள் 5,000, கம்பெனி கட்டும் பி.எஃப். 3,000, உங்கள் பங்கு 3,000, கிராஜுவிட்டி அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம் என்று சுமார் 1,200. கைக்கு வருவது ஏறத்தாழ 37,800. தொழில்வரி தனி. ஒப்புக்கொள்ளும் முன் இந்தப் பிரிவை எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: துபாய் வேலைக்கு ஏஜென்ட் ஒன்றரை லட்சம் கேட்கிறார். உள்ளூரில் ஒரு கன்சல்டன்சி ‘பதிவுக் கட்டணம்’ 5,000 கேட்கிறது. கொடுக்கலாமா அண்ணா?

பதில்: இரண்டும் வேண்டாம். வெளிநாட்டு வேலைக்கு அனுப்பும் முகவர் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். அந்த அமைச்சகத்தின் இமைக்ரேட் தளத்தில் பெயரைப் போட்டால் தெரிந்துவிடும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கு ஜி.எஸ்.டி.யும்தான், அதற்கும் ரசீது தர வேண்டும். உள்ளூரில் ஒழுங்கான கன்சல்டன்சிக்குப் பணம் கொடுப்பது கம்பெனி, நீங்கள் அல்ல. இணையம் வழியாக ஏற்கெனவே பணம் போயிருந்தால் தாமதிக்காமல் இணையக் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வழி உண்டு.