இலை அசையாத வேளையில் மருந்து வேண்டாம்

கேள்வி: மக்காச்சோளத்தில் படைப்புழு. கிழக்கே அடுத்த தோட்டம் மல்பெரி. இலைகூட அசையாத விடியற்காலையில் மருந்து அடித்தால் அவர்களுடைய பட்டுப்புழுவுக்கு ஒன்றும் ஆகாதுதானே? கைபேசி '10 கி.மீ. காற்று' என்று காட்டினால் நிறுத்திவிட வேண்டுமா?
- உடுமலை வாசகர்

பதில்: நீங்கள் பாதுகாப்பு என்று நம்புகிற வேளைதான் ஆபத்தானது. மேகமில்லாத இரவில் தரை குளிர்கிறது. அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கீழேயே தங்கிவிடுகிறது, மேலே வெதுவெதுப்பான காற்று மூடிக்கொள்கிறது. நாசிலிலிருந்து வரும் நுண்துளிகள் அதற்குள் சிக்கி, மேலே கலையாமலும் சீக்கிரம் படியாமலும் மிதந்து, பள்ளம் பார்த்து நகரும். எந்தத் தோட்டத்தில் இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. புகை எழும்பாமல் பட்டையாகப் படுத்துக் கிடந்தால் பம்பைத் தொடாதீர்கள். வெயில் ஏறித் தரை சுடட்டும். மாலையில் அடிப்பதானால் பொழுது சாய்வதற்கு நன்றாக முன்பே முடித்துவிடுங்கள்.

பிரிட்டிஷ் கடற்படையின் பிரான்சிஸ் பியூஃபோர்ட் 1805-இல் கப்பலுக்காக வகுத்த காற்று அளவுகோல் பிறகு நிலத்துக்கும் வந்தது. அதில் மெல்லிய காற்றே மூன்று படி. மணிக்கு 1 முதல் 5 கி.மீ. வரை புகை மட்டும் சாயும். 6 முதல் 11 என்றால் முகத்தில் காற்றுப் படும், இலை சலசலக்கும். 12 முதல் 19-இல் இலையும் சிறு குச்சியும் ஓயாமல் ஆடும். மருந்துக்கு ஏற்றது நடுப்படி. மூன்றாம் படியில் களைக்கொல்லி கூடவே கூடாது. புழுதி கிளம்பும் நான்காம் படியில் எந்த மருந்தும் வேண்டாம்.

ஆக, 10 கி.மீ. என்பது நிறுத்த வேண்டிய காற்று அல்ல. அதுவும் 10 மீட்டர் உயரத்துக்கான கணக்கு. பயிர் மட்டத்தில் இன்னும் குறைவு. உங்கள் வரப்பில் எப்படி என்பதை இலையைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

உங்களுக்குத் திசைதான் முக்கியம். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து மேல்காற்று. நீங்கள் அடிப்பது நேரே மல்பெரிக்குப் போகும். கிழக்கிலிருந்து கீழ்காற்று வீசும் நாளுக்குக் காத்திருங்கள். காத்திருக்க முடியாதென்றால் விசைத்தெளிப்பானை விட்டுவிட்டுக் கைத்தெளிப்பானை எடுங்கள். அழுத்தம் குறைத்து, பெருந்துளியாக, குருத்துக்குள்ளேயே விடுங்கள். படைப்புழு அங்கேதான் இருக்கிறது. கிழக்கு ஓரத்துச் சில வரிசைகளை அன்றைக்கு விட்டுவிடுங்கள். முந்தைய நாளே பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் சொல்லுங்கள், அவர் தழையை முன்கூட்டியே அறுத்து வைத்துக்கொள்வார். மருந்து பட்ட இலையைத் தின்றால் மொத்தப் பட்டுப்புழுவும் போய்விடும்.